இடது முன்பக்கம்

கோட்டுக்கு வலது முன்பக்கம் இரண்டு இருந்தன. இடது முன்பக்கம் இல்லை.

மெஷினில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். கோடு போட்ட சாம்பல் நிறத் துணி. எப்படிப் புரட்டினாலும் இரண்டும் ஒரே தோளுக்குத்தான் போவோம் என்றன. பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவரைப் போலத்தான் அவர் பேசுவார். அதனால் எழுந்து போய், கட்டிங் மேசையில் அடுத்த துணியை உதறி விரித்துக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் இரண்டையும் போட்டுவிட்டு நின்றார்.

"என்ன?"

"இன்னொண்ணு எங்க?"

"எண்ணத் தெரியாதா? ரெண்டு இருக்குல்ல?"

"ரெண்டும் வலது."

அவள் பார்த்தாள். வலதுதான். "அப்ப இடதை இஸ்திரிக்காரர் எங்கயாவது தூக்கிப் போட்டிருப்பார்" என்றாள்.

மூலையில் காலரை அழுத்திக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஐயோ கத்திரியக்கா, இதை என் தலையில கட்டாதீங்க. துணி இன்னும் என் பக்கமே வரல."

கத்திரியக்கா என்ற பெயர் கையில் இருக்கிற கத்திரிக்காக வந்ததா, வாயில் இருக்கிற கத்திரிக்காக வந்ததா என்று அந்தப் பட்டறையில் யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். காவலாளிகள், ஓட்டுநர்கள், ஓட்டல் வாசலில் நின்று கதவு திறந்துவிடுகிறவர்கள் எல்லோருக்கும் கோட்டு தைத்துக் கொடுக்கிற இடம் அது. கீழே பட்டறை, மேலே வீடு. வெட்டுவது அவள், தைப்பது அவர். சாதாரணத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே அளவு அட்டையை வைத்துக் கோடு கிழித்து, இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டிவிடுவாள். பிரித்தால் வலது ஒன்று, இடது ஒன்று. கோடு போட்ட துணி மட்டும் அப்படியில்லை. இரண்டு பக்கமும் கோடு சேர வேண்டுமே என்று ஒற்றையாக விரித்து, முதலில் வலது முன்பக்கத்தை வரைந்து, பிறகு அட்டையைப் புரட்டி வைத்து இடதை வரைய வேண்டும். புரட்ட மறந்தால் இரண்டும் வலதாகிவிடும். வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதல் வாரத்தில் செய்கிற பிழை அது. அப்படிச் செய்தவர்களை அவள் என்ன கிழி கிழிப்பாள் என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லாமே அவளுக்கு எதிராகச் சதி செய்தன. கதவு நிலை இடது தோளில் வந்து இடித்தது. தலையை வாரினால் ஒரு பக்கம் சிக்கு அப்படியே இருந்தது. ஒரு நாள் சாப்பிட்டு முடித்து எழுந்தபோது மகள் தட்டைக் காட்டி, "இந்தப் பக்கம் அப்படியே வெச்சிருக்கியே அம்மா" என்றாள். எந்தப் பக்கம் என்று இவள் கேட்டாள். மகள் தட்டைப் பிடித்து அரைச் சுற்று சுற்றினாள். தட்டில் சாப்பாடு வந்துவிட்டது.

"மறுபடி எதுக்கு வெச்ச? வேணாம்னு சொல்றேன்ல" என்றாள் அம்மா.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள் அவள். பல் வலியோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசிக் குரலே பஞ்சாகிவிட்டது. அந்தக் குரலில், "அம்மா, நாளைக்கு ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாமா?" என்றாள்.

"டெலிபோன்ல பேசற குரலை எங்கிட்ட காட்டாதே. எங்க போகணும், நேரா சொல்லு."

போனார்கள். டாக்டர் இளவயதுப் பெண். மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். தலையை ஸ்கேன் எடுத்த படத்தைத் திரையில் போட்டுவிட்டுச் சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "சுத்தமாத்தானே இருக்கு டாக்டரம்மா? எங்க இருக்கு நீங்க சொல்றது?"

படத்தில் நம் வலது திரையின் இடப்பக்கம் தெரியும், எதிரே நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி என்று டாக்டர் சொன்னார். கட்டி மூளையின் வலப்பக்கத்தில் இருந்தது. திரையில் அது இடப்பக்கம். இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அந்தக் கட்டி அவளிடமிருந்து எடுத்துவிட்டிருந்தது. தன்னைத் தானே மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகள் அம்மாவின் முகவாயைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். திருப்பத் திருப்ப, திரை நீண்டுகொண்டே போனது. அப்புறம் அது வந்தது. வெள்ளையாக, ஓரம் பிசிறிப் போய்.

கண் கெட்டுப்போகவில்லை, கவனம்தான் அந்தப் பக்கம் போக மறுக்கிறது என்று டாக்டர் விளக்கினார். கட்டி வேகமான ஜாதி என்பதையும் மறைக்கவில்லை. அது இவளுக்குப் பிடித்திருந்தது. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை அவளுக்கு ஆகாது.

மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். கதிர்வீச்சு வைத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். முடி கொஞ்சம் கொட்டியது. தையல் போட்ட தழும்பைக் கண்ணாடியில் பார்த்து, "இதைவிட இஸ்திரிக்காரர் நல்லா தைப்பார்" என்றாள். இஸ்திரிக்காரர் இதைக் கேள்விப்பட்டு அழுதார். படுத்துக்கோ என்று மகள் சொன்ன பகலெல்லாம் படிக்கட்டுக் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். வந்து நின்றாள், மேசை முன்னால்.

இடது வராதா, வரவேண்டாம். அவளுடைய தொழிலில் அதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. துணியை மடித்தால் போதும். வலதை வெட்டினால் கீழ் அடுக்கில் இடது தானாக வெட்டுப்படும். பிரித்தால் முழு ஆள். கோடு போட்ட துணிக்கு மட்டும் வாசலைக் காட்டிவிட்டாள். டாக்டரிடமும் மகளிடமும் தெருவில் விசாரிக்கிறவர்களிடமும் இதைப் பெருமையாகச் சொல்வாள். "தலையில பாதி போனாலும் கோட்டுல பாதி போகாது, பாத்தீங்களா." கணவர் மெஷினில் குனிந்துகொள்வார். அவர் குனிவதற்கு அவள் அர்த்தம் எதுவும் தேடவில்லை. மெஷின்காரர் குனியாமல் வேறென்ன செய்வார்.

சில மாதம் இப்படிப் போனது. நல்லபடியாகத்தான் போனது என்று அவள் நினைத்திருந்தாள்.

அடுத்த படம் எடுத்துவிட்டுக் கணவரோடும் மகளோடும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது யாரும் அவள் முகவாயைத் திருப்பவில்லை. திரை வெளிச்சமானதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வலப்பக்கத்தில், அவள் கண்ணுக்கு நேரே, அது இருந்தது. இறக்கை மாதிரி விரிந்து.

"வந்துட்டியா" என்றாள் அதைப் பார்த்து.

டாக்டர் சொன்னார். "ரெண்டு பாதியையும் சேர்க்கிற பாலம் ஒண்ணு நடுவுல இருக்கும்மா. கட்டுக்கட்டா நரம்பிழை. கட்டியோட அணுக்கள் அந்த இழை வழியா நடந்து அந்தப் பக்கம் போயிருக்கு. ரத்தக்குழாயை ஒட்டியும் போகும்."

"நீங்கதான் எடுத்தீங்களே."

"கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தேன். அதுக்கு முன்னாலயே ஒண்ணொண்ணா கிளம்பிப் போனது படத்துலயும் தெரியாது, கத்தியிலயும் மாட்டாது."

"ஓரம் விட்டு வெட்டியிருக்கலாமே."

டாக்டர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. "வேற இடமா இருந்தா ஓரம் விட்டுத்தான் வெட்டுவோம். இங்க ஓரம்னு எதை வெட்டினாலும் அது நீங்கம்மா."

அவளுக்குப் புரிந்தது. வெள்ளைத் துணியில் மெஷின் எண்ணெய் சொட்டினால் சொட்டு விழுந்த இடத்தில் நிற்பதில்லை. இழை எப்படிப் போகிறதோ அப்படி ஓடும். கறை இவ்வளவுதான் என்று வெட்டிப் போட்டுவிட்டு இஸ்திரி வைத்தால், சுத்தமென்று நினைத்த இடத்தில் மஞ்சளாக எழும்பும். எத்தனை துணி இப்படிப் போயிருக்கிறது. இழை வழியாக வந்தவனை என்ன செய்வது. அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். முகத்தைத் தானே சிரமப்பட்டுத் திருப்பி இடப்பக்கத்தையும் பார்த்தாள். நடுவில் ஒரு பாலம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறக்கை.

"மடிச்சுப்போட்டு வெட்டியிருக்கான் டாக்டரம்மா" என்றாள். "என் வேலையை எங்கிட்டயே காட்டுறான்."

இனி என்ன என்பதையும் டாக்டர் சொன்னார். இன்னொரு முறை திறந்து கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அது இப்போது போயிருக்கிற பக்கம் வலது கையும் பேச்சும் குடியிருக்கிற பக்கம். திறந்தால் அவற்றுக்கு ஆபத்து. திறந்தாலும் பெரிதாக நாள் கூடும் என்று உறுதி சொல்ல முடியாது. திறக்காவிட்டாலும் கை ஒரு நாள் தளரும், வார்த்தை ஒன்றிரண்டு காணாமல் போக ஆரம்பிக்கும். வீக்கம் குறைய மருந்து தரலாம்.

"கையை விட்டுடுங்க" என்றாள் அவள்.

"அம்மா, வீட்ல பேசிட்டு..."

"வீட்ல பேசறது நான்தான் டாக்டரம்மா. இவர் பேசமாட்டார். மருந்தைக் குடுங்க, குடிக்கிறேன். கத்தி வேணாம். அது போற போக்கைப் பாருங்க, என்னை முடிச்சா தானும் முடியும்ங்கிற அறிவுகூட இல்ல. அந்த முட்டாளுக்குப் பயந்து என் கையை நானே குடுக்கணுமா?"

டாக்டர் அவளுடைய வலது கையைப் பிடித்து விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். செய்தாள். பிடியை இறுக்கச் சொன்னார். இறுக்கினாள். "யப்பா" என்று டாக்டர் சிரித்தார். கண்ணில் நீர் இருந்தது. இவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் மகள் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து விசும்பினாள். அவளை அழவிட்டுவிட்டு, இவள் கணவரைப் பார்த்தாள். எதிரே நின்றுகொண்டிருந்தார். எதிரே நிற்கிறவரின் இடது அவளுடைய வலப்பக்கம் வரும் என்பதால், இந்த மாதங்களில் அவள் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அவருடைய இடது பாதியைத்தான். அந்தப் பக்கத் தோள்தான் இறங்கின தோள். வாலிபத்தில் ஏணியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்து, கோணலாகக் கூடிவிட்டது. மற்றவர்களுக்குத் தைத்து மிஞ்சின கோட்டுகளைத்தான் அவர் குளிருக்குப் போட்டுக்கொள்வார். எதுவும் அந்தத் தோளில் உட்காராது. ஆணி பிடுங்கின மாதிரி ஒரு பக்கம் தொங்கும். அவருக்கென்று ஒன்று வெட்டித் தருகிறேன் என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு மடிச்சு வெட்ட முடியாதுங்க. ரெண்டு ஆளுக்கு வெட்டற வேலை" என்று சிரித்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஊருக்கெல்லாம் கோட்டு போட்டுவிட்டு இந்த மனுஷனை இப்படித் தொங்கவிட்டிருக்கிறோமே என்று அந்தத் தாழ்வாரத்தில் அவளுக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு ஒரு கோட்டு வெட்டப் போறேன்" என்றாள்.

மகளின் அழுகை கூடியது. அது எதற்காக என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஏய், நீ நினைக்கிற அதுக்கு இல்ல. வேலைக்குப் போட்டுக்க, மழைக்குப் போட்டுக்க. அன்னைக்கு மட்டும் போட்டுட்டு வந்து நின்னாருன்னா, எழுந்து வந்து கிழிச்சுடுவேன்."

பட்டறைக்கு வந்ததும் அலமாரியில் ஒளித்துவைத்திருந்த கருநீலக் கம்பளித் துணியை எடுத்தாள். யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. ஒரே ஒரு கோட்டுக்குத்தான் வரும், தப்பினால் மறுதுணி கிடையாது. மேசையில் உதறினாள். மடிக்கப் போன கை நின்றது. இவருக்கு மடித்து வெட்ட முடியாது. வலது தோளுக்கு ஒரு கணக்கு, இடது தோளுக்கு வேறு கணக்கு. மடிப்பு தராத இடதை, கட்டி வந்த பிறகு முதன்முறையாக, அவளே வெட்டியாக வேண்டும்.

கணவர் மெஷினை விட்டு எழுந்து வந்து துணியின்மேல் கை வைத்தார். "நீ சொல்லு. நான் வெட்டறேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்கு? இத்தனை மாசமா நான் வெட்டினதைத்தானே தைச்சீங்க?"

இஸ்திரிக்காரர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் மெல்ல வெளியே நழுவினார். அந்த நழுவலில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. "என்னத்தை மறைக்கிறீங்க ரெண்டு பேரும்?"

மெஷினுக்கு அடியில் கிடந்த சாக்கை அவர் இழுத்து வந்து மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் இடது முன்பக்கங்கள். கீழ் அடுக்கில் வெட்டுப்பட்டவை. மேல் அடுக்கு கத்தி மாதிரி வெட்டுப்பட்டிருக்க, கீழ் அடுக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவளுடைய இடது கை எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்ததால், துணி நகர்ந்து, அக்குள் வளைவு கடித்துத் துப்பினது போல் இருந்தது. ஒரு வாரமில்லை, இரண்டு வாரமில்லை. சாக்கு நிறைய. பத்தாததற்கு, இடது நெஞ்சில் மட்டும் வருகிற மேல்பாக்கெட்டை அவள் ஒரு கோட்டில்கூடக் குறிக்கவில்லை. இருக்கிற துணியில் இடதையெல்லாம் அவர் மறுபடி வெட்டி, பாக்கெட்டைத் தானே குறித்து, தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

முகத்தை வலிந்து திருப்பித் திருப்பி அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "தலையில பாதி போனாலும் கோட்டுல பாதி போகாது" என்று தெரு முழுக்கச் சொன்ன வாய் உலர்ந்துபோயிற்று. அவமானமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது, வரவிடவில்லை. கோபம்தான் அவளுக்குக் கைவந்தது, அதையே எடுத்தாள்.

"யாரைக் கேட்டுத் திருத்தினீங்க?"

"மனசு கஷ்டப்படுவேன்னுதான்..."

"மனசா? அந்த முட்டாள் ஒரு பக்கத்தை எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனான். நீங்க அதை எனக்குத் தெரியாம மூடி வெச்சீங்க. ரெண்டு பேருக்கும் என்னங்க வித்தியாசம்?"

அவர் நின்ற இடத்திலேயே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. இறங்கின தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். "நீ இந்த மேசையை விட்டுப் போயிட்டா என்னால பாக்க முடியாதுடி" என்றார். அவருடைய கணக்குக்கு அது பெரிய பிரசங்கம்.

அவள் பாழான இடதுகளையெல்லாம் சாக்கில் அள்ளிப்போடச் சொன்னாள். "தப்புன்னு சொன்னாத்தானே நான் சுத்திப் போவேன்" என்றாள், குரல் இறங்கி.

"எங்க சுத்தி?"

அவள் கருநீலத் துணியை ஒற்றையாக விரித்தாள். இடது கையை நம்பிப் பயனில்லை என்று, ஆறிப்போன இஸ்திரிப் பெட்டிகளை நாலு பக்கமும் பாரமாக வைக்கச் சொன்னாள். அளவுநாடாவை எடுத்து அவரை எதிரே நிறுத்தி, இறங்கின தோளை முதலில் அளந்தாள். அதுதான் அவளுக்கு நன்றாகத் தெரிகிற பக்கம். பிறகு சாக்கட்டியால் துணியின் வலதுகோடியில் ஒரு முன்பக்கத்தை வரைந்தாள். நடுக்கோடு வந்ததும் துணி முடிந்துவிட்டது. அதற்கு மேல் மேசை இல்லை, அறை இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து அவள் நின்றாள். பிறகு மேசை விளிம்பில் வலது கையை வைத்து, விடாமல் தடவிக்கொண்டே சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். இல்லாமல் போன பாதி அங்கே வலப்பக்கத்தில் பளிச்சென்று கிடந்தது.

"இங்கதான் இருந்திருக்கு, திருட்டுப் பய பாதி" என்றாள்.

கணவருக்கு ஒரே ஒரு வார்த்தை பேச அனுமதி கொடுத்தாள். அவள் சுற்றிப் போக மறந்து ஒரே பக்கத்திலேயே வெட்டப் போனால் "இடது" என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் சொல்லக் கூடாது. கை வைக்கக் கூடாது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளவும் கூடாது. பேசாத மனுஷனுக்கு அது தோதான வேலைதான். அன்றும் மறுநாளும் பட்டறையில் கத்திரி நறுக்குகிற சத்தமும், அவள் செருப்புத் தேய்கிற சத்தமும், நடுநடுவே "இடது" என்கிற சத்தமும்தான் கேட்டன. சில சமயம் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே குழம்பிப் போய் அவள் வீணாக இரண்டு சுற்று சுற்றி வருவாள். "கோயில் தேரா நான்" என்று தன்னையே வைதுகொள்வாள். இஸ்திரிக்காரர் சிரிக்கலாமா என்று யோசித்து, அவள் சிரித்த பிறகு சிரித்தார்.

இடது அக்குள் வளைவை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்திரி பாதியில் நின்றது. வாய் திறந்தபடியே நின்றது. மூடு என்று அவள் சொன்னாள், கை கேட்கவில்லை. வலது கை. இதுவரை ஒரு நாளும் எதிர்த்துப் பேசாத கை. அது யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். பாலம் தாண்டி வந்தவன் கதவைத் தட்டிப் பார்க்கிறான். கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

"அவசரப்படாதேடா" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. "வளைவு முடியட்டும்."

மூச்சை இழுத்து, தோளிலிருந்து வேகம் கொடுத்தாள். கத்திரி மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. வளைவு முடிகிறவரை அப்படியே போனது, மெதுவாக, பிசிறில்லாமல்.

வெட்டின துண்டுகளை மெஷினுக்கு வாங்கிக்கொள்ளும்போது அவர் கவனித்தார். பக்கத் தையலில் வழக்கமாக விடுவதைவிட இரண்டு மடங்கு துணி உள்ளே விட்டிருந்தாள். தோளிலும், கையிலும்கூட. தவறிவிட்டாள் என்று நினைத்து, ஓரத்தை நறுக்கச் சின்னக் கத்திரியை எடுத்தார். அவள் அவருடைய புறங்கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"தப்பா வெட்டலங்க. வேணும்னுதான் விட்டிருக்கேன். உள்ளேயே கிடக்கட்டும்."

"எதுக்கு இவ்வளவு?"

"குண்டாவீங்க. இன்னும் பத்து வருஷத்துல வயிறு வரும். தோளும் இன்னும் இறங்கும். அப்ப யாரு வந்து உங்களுக்கு மறுபடி வெட்டறது? பிரிச்சு விட்டுக்குங்க."

அவர் சின்னக் கத்திரியைக் கீழே வைத்தார். பிறகு மெஷின் ஓட ஆரம்பித்தது.

தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டு முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று மகளும் வேலைக்குப் போகாமல் கீழே வந்து நின்றாள். பகல் வெளிச்சம் மேசைவரை வந்திருந்தது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு மனைவியின் எதிரே நின்றார். இறங்கின தோளில் கருநீலத் துணி உட்கார்ந்திருந்தது. தொங்கவில்லை, தூக்கவில்லை. இறங்கினது இறங்கினபடியே, ஆனால் அது அந்தத் தோளின் உரிமை என்பதுபோல் இருந்தது. மேல்பாக்கெட் நெஞ்சில் நேராக நின்றது. காலருக்குக் கீழே ஒரு நூலளவு மட்டும் துணி எழும்பியிருந்தது. அவள் கையை நீட்டினாள்.

"அதைக் குடு" என்றாள் மகளிடம். "அது. கூரா இருக்குமே, அது." வார்த்தை வரவில்லை. அவள் தேடினாள். தேடிய இடம் காலியாக இருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்க முந்தவில்லை. மகளின் முகம் கோணியது, ஆனால் அந்த டெலிபோன் குரல் வரவில்லை. குண்டூசி டப்பாவைத் திறந்து அம்மாவின் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். "இதுதானே?"

"இதேதான். பேரு என்னவோ இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி, எழும்பின இடத்தை இழுத்து அழுத்திக் குத்தினாள். சரியான இடத்தில் போய் இறங்கியது.

இன்னொரு தோளைப் பார்க்க வேண்டும். அவருடைய வலது தோள் அவளுக்கு இல்லாத பக்கத்தில் இருந்தது. அவர் அதைப் புரிந்துகொண்டு, அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று தானே திரும்பப் போனார்.

"அசையாம நில்லுங்க. நான் வர்றேன்."

சாக்கட்டியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையை அவர் நெஞ்சில், பாக்கெட்டின்மேல் பதித்தாள். கையை எடுக்காமல் நகர்ந்தாள். கை இறங்கின தோளைத் தாண்டியது, தோளிலிருந்து முதுகுக்குப் போனது, முதுகின் நடுத்தையலை மெதுவாகக் கடந்தது. ஒரு இடத்தில் விரல்கள் மடங்கிக்கொண்டு நின்றன. அவர் திரும்பவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, துணியைப் பற்றி, மறுபடி நகர்ந்தன. முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் போய், இத்தனை நேரம் எங்குமே இல்லாமலிருந்த அந்தத் தோளை அவள் கை தொட்டதும், சாக்கட்டியை எடுத்து, கருநீலத்தின்மேல் வெள்ளையாக ஒரு கோடு இழுத்தாள்.